ஆய்வேட்டில் 31 சதவீதம்: எதைத் திருத்துவது, யார் பெயரைச் சொல்வது?

காவிரிப் படுகையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கத்தை இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 34. இரண்டு பிள்ளைகள். நடவுப் பாட்டு, ஒப்பாரி இரண்டையும் எடுத்துக்கொண்டு பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். பதிவு செய்து ஐந்து ஆண்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. எல்லா இயல்களையும் எழுதி முடித்து, ஏற்கெனவே வெளிவந்த எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணினியில் பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு நூலகத்தில் கொடுத்தார். 31 சதவீதம் என்று அறிக்கை வந்தது. பத்துக்குக் கீழே வந்தால்தான் சான்றிதழ் கிடைக்குமாம். அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால், 12 சதவீதம், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் இருக்கும் ஒரே ஆய்வேட்டோடு ஒத்துப்போகிறது. அத்தனையும் இரண்டாம் இயலில், முன்னோடி ஆய்வுகளைப் பற்றிய பகுதியில். 9 சதவீதம், அவரே முன்பு ஓர் ஆய்விதழில் எழுதிய கட்டுரை. 6 சதவீதம், அச்சில் வந்த தொகுப்புகளிலிருந்து எடுத்த பாட்டு வரிகள். மீதி 4 சதவீதம் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

வளாகத்துக்கு எதிரே இருக்கும் தட்டச்சுக் கடைக்காரர், ஆறாயிரம் ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். நெறியாளர், "உங்கள் நடை பத்திரிகைக் கட்டுரை மாதிரி இருக்கிறது. ஆய்வு நடை வேண்டும். 'நான்' என்று எழுதாதீர்கள், சொற்கள் கனமாக இருக்கட்டும்" என்கிறார். தோழி ஒருவர் ஏஐ செயலியில் கேட்டு வாங்கிக்கொடுத்த பதினொரு நூல்களைத் துணைநூற்பட்டியலில் சேர்த்திருக்கிறார். அவற்றில் இரண்டு எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை.

அவர் கேட்பவை இவை: "சொற்களை மாற்றி எழுதிவிட்டால் போதும்தானே? நாட்டார் பாட்டுக்கு ஆசிரியரே கிடையாது, அதற்கு எதைச் சான்று காட்டுவது? இன்னும் நான்கு மாதத்தில் ஆறு ஆண்டு முடிகிறது, எல்லாம் போய்விடுமா?" கடைசி வரி இது: "நான் திருடிவிட்டேனா ஐயா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் ஆய்வேடுகளைப் படித்தும் திருத்தியும் வாய்மொழித் தேர்வுகளில் உட்கார்ந்தும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். திருட நினைப்பவர் அறிக்கையை இப்படி வரி வரியாகப் பிரித்துப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவருக்குக் கடிதம் எழுத மாட்டார். ஆனால் அந்த 12 சதவீதம் தவறுதான். அதை நீங்களும் உணர்ந்திருக்கிறீர்கள், அதனால்தான் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆய்வேடு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, சமர்ப்பிக்கவில்லை. இப்போது திருத்தினால் அது வெறும் திருத்தம். சமர்ப்பித்த பிறகு அதுவே விசாரணைக்குப் போகலாம்.

முதலில் நேரம். ஆறு ஆண்டோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அப்படியில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2016 விதிமுறையும் சரி, அதற்குப் பின் வந்த 2022 விதிமுறையும் சரி, பெண் ஆய்வாளர்களுக்கு உச்சக் கால வரம்பில் கூடுதலாக இரண்டு ஆண்டு தர இடம் கொடுக்கின்றன. மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் தனியாக உண்டு. உங்கள் பதிவு எந்த விதிமுறையின் கீழ் வருகிறது என்று ஆராய்ச்சிப் பிரிவில் கேளுங்கள். ஆறு ஆண்டு முடிவதற்கு முன்பே நெறியாளரின் பரிந்துரையோடு நீட்டிப்பு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒப்புகையோடு ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள். நீட்டிப்பு கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அந்தத் தட்டச்சுக் கடையின் பக்கம் உங்கள் கால் போகாது.

31 என்ற எண்

"பத்து சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாமாமே" என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். கருத்துத் திருட்டைத் தடுக்க யூஜிசி 2018இல் கொண்டுவந்த விதிமுறை ஒப்புமையை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. 10 சதவீதம் வரை சிறு ஒப்புமை, தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக்கூடக் கொடுக்க முடியாது. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. தண்டனை இல்லை என்பதற்கு அனுமதி உண்டு என்று பொருளில்லை. ஒரு பக்கம் முழுவதையும் அடுத்தவரிடமிருந்து எடுத்தால் 250 பக்க ஏட்டில் அது அரை சதவீதம்கூட வராது, ஆனாலும் அது அடுத்தவர் பக்கம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கணினி காட்டும் எண் முழுவதும் உங்கள் குற்றமில்லை. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவாக வழங்கும் தொடர்கள், தற்செயலாக ஒத்துப்போகும் பதினான்கு சொல் வரையிலான தொடர்கள் ஆகியவற்றைச் சோதனையிலிருந்து விலக்க வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. உங்கள் 6 சதவீதப் பாட்டு வரிகளுக்கு மேற்கோள் குறியும் சான்றும் சரியாக இருந்தால் அவற்றை விலக்கி மறுபடி சோதிக்கும்படி நூலகரிடம் எழுதிக் கேட்கலாம். குறி போடாமல் பத்திக்குள் கலந்து எழுதியிருந்தால் கணினியைக் குறை சொல்ல முடியாது. இரண்டு அடிக்கு மேல் வரும் பாட்டைத் தனியே உள்தள்ளிப் போடுங்கள்.

அந்த 9 சதவீதம் உங்கள் எழுத்துதான். ஆனாலும் ஏற்கெனவே அச்சானதைச் சொல்லாமல் புதிது போலத் தருவதும் ஏற்கத்தக்கதல்ல என்று 2020 ஏப்ரலில் யூஜிசி அறிவித்திருக்கிறது. வழி எளிது. இந்த இயலின் இன்ன பகுதி இன்ன இதழில் இன்ன மாதம் கட்டுரையாக வந்தது என்று முன்னுரையிலும் அந்த இயலின் முதல் அடிக்குறிப்பிலும் சொல்லிவிடுங்கள். அந்தக் கட்டுரையின் நகலை நெறியாளரின் கடிதத்தோடு நூலகத்தில் கொடுங்கள்.

ஆக, உண்மையான சிக்கல் 12 சதவீதம்.

சொல்லை மாற்றினால் போதுமா?

போதாது. தட்டச்சுக் கடையில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், அப்படிச் 'சரிசெய்த' ஏடுகளைப் படித்திருக்கிறேன். 'பெண்கள்' என்ற இடத்தில் 'நங்கையர்', 'பாட்டு' என்ற இடத்தில் 'கானம்', 'கூலி' என்ற இடத்தில் 'ஊதியம்'. நடவுக்குப் போன பெண்களுக்கு மரக்காலில் அளந்து கொடுத்த நெல்லுக்குக் கூலி என்று பெயர். அதை ஊதியம் என்று எழுதினால் ஆய்வுப் பொருளே கைநழுவிப் போகிறது. நெல்லா பணமா, யார் அளந்தார், அளவில் குறைத்தாரா என்றெல்லாம்தானே உங்கள் பாட்டுகள் பேசுகின்றன?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நீங்கள் வகுப்பில் நன்னூல் நடத்துகிறவர். "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்" என்ற வரியைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! பவணந்தியார் அங்கே இரண்டைப் பிரிக்கிறார். முன்னோர் சொன்ன பொருள் ஒன்று, அதைச் சொன்ன சொல் ஒன்று. இரண்டுமே அவர்களுடையவை. சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி வேண்டும், இடமும் சுட்ட வேண்டும். பொருளை மட்டும் எடுத்து உங்கள் நடையில் சொன்னால் குறி வேண்டாம், ஆனால் இடம் சுட்டியாக வேண்டும். சொல்லை மாற்றும்போது குறியின் தேவைதான் போகிறது, கடன் போகவில்லை. ஆங்கில நூலிலிருந்து தமிழாக்கி எழுதினால் கணினி கண்டுபிடிக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இதே கணக்கில்தான் வரும்.

சான்று காட்டுவது வெளிநாட்டு முறை என்ற வருத்தமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே "முப்பஃது என்ப" என்று வருகிறது. எழுத்து முப்பது என்று நானே கண்டேன் என்று சொல்லவில்லை, முன்னோர் சொல்வர் என்கிறார். பின்னால் எத்தனை 'என்மனார் புலவர்', எத்தனை 'மொழிப'! உ.வே.சா. 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஏடு தந்தவர்களை முகவுரையில் நன்றியோடு சொன்னார். அடைப்புக்குறி எங்கே, காற்புள்ளி எங்கே என்பது வேண்டுமானால் வெளியிலிருந்து வந்திருக்கலாம். யாரிடமிருந்து தெரிந்துகொண்டேன் என்று சொல்லும் நாணயம் நம் வீட்டில் எப்போதும் இருந்தது.

இரண்டாம் இயலை எப்படித் திருத்துவது? அந்தப் பகுதியைத் தனிக்கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, வெற்றுத்தாளில் தொடங்குங்கள். அதில் பேசப்படும் நூல்களில் உண்மையிலேயே நீங்கள் படித்தவை எவை? கடிதத்தில் ஏழு என்கிறீர்கள். அந்த ஏழையும் திரும்பப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் உங்கள் ஆய்வுக்கு என்ன தந்தது, எங்கே உங்கள் களம் அதோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். "இன்னார் இன்ன நூலில் இன்னதைக் கூறுகிறார்" என்று பத்திக்கு ஒருவராக அடுக்கிக்கொண்டு போவதுதான் பெரும்பாலான ஏடுகளில் இந்த இயலைக் கெடுக்கிறது. இதற்கும் நன்னூலின் எழுவகை மதம், அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு வழி, உதவும். உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைதல், இருவர் மாறுகோளில் ஒன்றைத் துணிதல். இந்த நான்கையாவது மனதில் வைத்து எழுதினால், இன்னொருவர் ஏட்டிலிருந்து எடுத்து ஒட்டுவதற்கு அங்கே இடமே இருக்காது. ஏனென்றால் உடன்படுவதும் மறுப்பதும் நீங்கள்.

ஷோத்கங்காவில் இருக்கும் அந்த ஆய்வேட்டையும் துணைநூற்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு கருத்தை எடுத்தாலும் அவர் பெயரைச் சொல்லுங்கள். யாரோ ஒரு பெண் பல ஆண்டு உழைத்து எழுதியது அது.

பார்க்காத நூலைப் பார்த்ததாகச் சொல்வது

நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கும் ஒரு விஷயம்தான் எனக்குச் சதவீதத்தை விடப் பெரிதாகப் படுகிறது. சார்லஸ் ஈ. கோவர் தொகுத்த தென்னிந்திய நாட்டார் பாடல் நூலை அடிக்குறிப்பில் காட்டியிருக்கிறீர்கள். ஆண்டு 1817 என்று இருக்கிறது. அந்த நூல் வந்தது 1871இல். நீங்கள் எடுத்த ஆய்வேட்டிலும் 1817 என்றுதான் இருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். சுவடிப் பதிப்பில் இதை நன்றாக அறிவோம். இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது, அல்லது இரண்டுக்கும் மூலம் ஒன்று. தேர்வாளருக்கும் இது தெரியும்.

கோவரின் நூலைத் திறந்து பார்த்தால் உள்ளே குறளுக்கென்று தனிப் பகுதி இருப்பது கண்ணில் படும். திருக்குறளை நாட்டார் பாடலோடு வைக்கிறார் என்றால், அவர் எதை நாட்டார் பாடல் என்று நினைத்தார்? உங்கள் இரண்டாம் இயலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. நூலைப் பார்க்காமல் பெயரை மட்டும் வாங்கிப் போட்டதில் இந்தக் கேள்வியே உங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. பதிப்புரிமைக் காலம் என்றோ முடிந்த நூல் அது, மின்வடிவில் இலவசமாகப் படிக்கலாம். மற்ற பழைய தமிழ்த் தொகுப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள். அங்கே கிடைக்காததற்குத் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகம், சென்னை போனால் ரோஜா முத்தையா நூலகம்.

எவ்வளவு தேடியும் மூலம் கிடைக்கவில்லையென்றால் உண்மையைச் சொல்லலாம். இன்னாரின் கருத்து, இன்னாருடைய நூலில் இத்தனையாம் பக்கத்தில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுவது எந்த விதத்திலும் குறைவில்லை. என் இளவயதில் பார்க்காத ஒரு நூலைப் பார்த்தது போல அடிக்குறிப்பிட்டேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் மென்மையாக, "அந்த நூலை எங்கே பார்த்தீர்கள்? நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று கேட்டார். உண்மையிலேயே அவர் தேடிக்கொண்டிருந்தார். பொய்ச் சான்று அடுத்து வருகிறவரை வழிதவறச் செய்யும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ஏஐ பட்டியலையும் இதே காரணத்துக்காக இன்றைக்கே நீக்கிவிடுங்கள். இரண்டு நூல் கிடைக்கவில்லை என்றீர்கள். அப்படி இரண்டு நூலே இல்லாமல் இருக்கலாம். நம்பும்படியான பெயரையும் ஆண்டையும் கோத்துத் தரும் வழக்கம் அந்தச் செயலிகளுக்கு உண்டு. மீதி ஒன்பதையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகு வேண்டுமானால் சேர்க்கலாம்.

சான்று எழுதும் முறையில் நீங்கள் கேட்ட சின்னச் சந்தேகங்களுக்கு விரைவாகப் பதில் சொல்கிறேன். சங்கப் பாட்டுக்குப் பக்க எண் வேண்டாம், பாட்டெண்ணும் அடியும் போதும் (புறம். 192:1 என்பது போல). எந்தப் பதிப்பு என்பதை ஒரு முறை சொல்லிவிடுங்கள், பாடவேறுபாடு உண்டு. தொல்காப்பியத்துக்கு நூற்பா எண் உரைக்கு உரை மாறும், ஆகவே யார் உரை என்று கட்டாயம் வேண்டும். முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று காட்டும் 'மேலது' என்பதை அடிக்குறிப்பெல்லாம் ஒழுங்காக நின்றபிறகு கடைசியில் போடுங்கள். நடுவில் ஒரு குறிப்பைச் செருகினால் மேலது வேறொருவரைச் சுட்டிவிடும். பெயர் வரிசையில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. ஆங்கில முறையை அப்படியே பின்பற்றி அப்பாவின் பெயரில் அகரவரிசைப்படுத்தினால் தேடுகிறவருக்கு ஆசிரியர் அகப்பட மாட்டார். இயற்பெயரை முன்னால் போட்டுத் தலைப்பெழுத்தைப் பின்னால் போடுங்கள்.

நாட்டுடைமை ஆக்கிய நூல் என்றால் சான்று வேண்டாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டும். நாட்டுடைமை என்பது யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதற்கு. 1949இல் பாரதியார் படைப்புகளை அரசு ஏற்ற பிறகு அவர் கவிதையை யாரும் தன் கவிதை என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

கனமான நடை

நெறியாளர் சொன்னதில் பாதி சரி. உங்கள் மாதிரிப் பக்கங்களில் "அப்பப்பா, எத்தனை துயரம்!" என்று ஓரிடத்தில் இருக்கிறது. "தமிழ்ப் பெண்கள் அனைவரும்" என்று இன்னோரிடத்தில். இவற்றை எடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்டது ஐந்து ஊரில் இருபத்திரண்டு பேரை, அதற்கு மேல் பேச வேண்டாம்.

ஆனால் கனம் என்பதைக் கடினம் என்று எடுத்துக்கொண்டு முதல் இயலைத் திருத்தி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்து வருத்தப்பட்டேன். முன்பு இப்படி எழுதியிருந்தீர்கள்: "நடவு வயலில் ஒருவர் பாட்டெடுக்கிறார், மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். பாட்டெடுப்பவர் மாறினால் நடவின் வேகமும் மாறுகிறது." திருத்திய பிறகு: "நடுகை நிகழ்விடத்து ஒருவரால் தொடங்கப்பெறும் கானம் ஏனையோரால் பின்தொடரப்பெறுகின்றது என்பது ஈண்டு நோக்கத்தக்கது." வேகம் மாறுகிறது என்ற செய்தி எங்கே போயிற்று? அதுதானே நீங்கள் சேற்றில் இறங்கி நின்று கண்டுபிடித்தது? உங்களுக்கு முன்னால் அதை அச்சில் நான் படித்ததில்லை. பழைய நடையே ஆய்வு நடை. சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் என்று நூலின் அழகைச் சொல்லத் தொடங்குகிற மரபு நம்முடையது. 'வெற்றெனத் தொடுத்தல்' அதன் குற்றப் பட்டியலில் இருக்கிறது.

"வெள்ளிடை மலை", "உள்ளங்கை நெல்லிக்கனி", "என்றால் மிகையாகாது" ஆகியவை வருமிடமெல்லாம் நின்று பாருங்கள். சான்று இல்லாத இடத்தில்தான் பெரும்பாலும் இவை வந்து உட்காரும். 'கருதப்படுகிறது', 'கூறப்படுகிறது' இரண்டும் அப்படித்தான். யார் கருதுகிறார்? யார் கூறுகிறார்? விடை தெரிந்தால் பெயரைப் போடுங்கள். தெரியாவிட்டால் அந்த வாக்கியம் வேண்டாம். நடையைத் திருத்துவதும் சான்றைத் திருத்துவதும் ஒரே வேலை என்று இதனால்தான் சொல்கிறேன்.

'நான்' பற்றி. பல துறைகளில் 'ஆய்வாளர்' என்று படர்க்கையில் எழுதும் வழக்கம் இருக்கிறது. உங்கள் துறையின் வழக்கம் அதுவானால் சண்டை போட வேண்டாம். ஆனால் களப்பணி இயலில் நீங்கள் அங்கே இருந்ததை மறைக்கக் கூடாது. சாவு வீட்டில் எழுந்த ஒப்பாரி வேறு, நீங்கள் கேட்டுக்கொண்டதற்காகத் திண்ணையில் உட்கார்ந்து பாடிக்காட்டிய ஒப்பாரி வேறு. நீங்கள் கேட்டதால் பாடினார் என்பது ஆய்வுத் தரவு. தமிழில் 'நான்' என்ற சொல்லே இல்லாமல் 'கேட்டேன்', 'பதிவுசெய்தேன்' என்று முடிக்கலாம். அந்த ஓர் இயலுக்கு மட்டும் தன்மை வினைமுற்றை அனுமதிக்கும்படி நெறியாளரிடம் காரணத்தோடு கேட்டுப் பாருங்கள். மறுத்தால் 'ஆய்வாளர் கேட்டுக்கொண்டதன்பேரில் பாடியது' என்று எழுதினாலும் உண்மை நிற்கும்.

அப்புறம், பாட்டைத் திருத்தாதீர்கள். 'நாத்து' என்று பாடியதை 'நாற்று' ஆக்கியிருக்கிறீர்கள். உங்கள் விளக்கத்தில் எழுத்துத் தமிழ் இருக்கட்டும். பாட்டு அவர்கள் வாயில் வந்தபடி இருக்கட்டும்.

நெறியாளரிடம் எப்படிச் சொல்வது?

இதைத்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள். அறிக்கையின் நகலையும் திருத்தத் திட்டத்தை ஒரே பக்கத்திலும் எடுத்துக்கொண்டு போங்கள். இத்தனை சதவீதம் சொந்தக் கட்டுரை, இத்தனை மேற்கோள், இத்தனையை நான் மறுபடி எழுதப்போகிறேன், இத்தனை வாரம் வேண்டும் என்று சொல்லுங்கள். ஏடு சொந்த உழைப்பு என்று நீங்கள் உறுதிமொழி தர வேண்டும், திருட்டு இல்லை என்று அவரும் சான்று தர வேண்டும். அவர் கையெழுத்தும் இதில் மாட்டியிருப்பதால் பெரும்பாலும் உதவத்தான் செய்வார். கோபப்பட்டாலும் அந்தக் கோபம் ஒரு வாரத்தில் அடங்கும். பட்டம் வாங்கிய பிறகு திருட்டு நிரூபணமானால் பட்டத்தையே நிறுத்திவைக்க விதியில் இடமிருக்கிறது. உங்கள் ஏடும் நாளை ஷோத்கங்காவில் ஏறும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்ப்பார்கள். கடைக்காரரிடம் போனால் பட்டம் வாங்கிய பிறகும் அந்தப் பயம் உங்களை விடாது.

ஒருவேளை யாராவது புகார் கொடுத்துவிட்டாலும் நேரே தண்டனை வராது. துறை அளவில் ஒரு குழு, பிறகு நிறுவன அளவில் ஒரு குழு, ஒவ்வொன்றுக்கும் 45 நாள். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தந்தாக வேண்டும். திருத்தப் பணியின் வரைவுகளைத் தேதியோடு சேமித்து வையுங்கள்.

ஆசிரியர் இல்லாத பாட்டு

நாட்டார் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்பது பாடநூல் வரையறை. முதலில் கட்டியவர் யாரென்று தெரியாது, அவ்வளவுதான். உங்களுக்குப் பாடியவர் யாரென்று நன்றாகத் தெரியும். அச்சுத் தொகுப்பிலிருந்து எடுத்த பாட்டுக்குத் தொகுத்தவரின் பெயரும் பக்கமும் வேண்டும், அவர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியது அது. நீங்களே பதிவுசெய்த பாட்டுக்குப் பாடியவர் பெயர், வயது, ஊர், நாள், எந்தச் சூழலில் பாடினார் என்ற ஐந்தும் பாட்டின் அடியிலேயே வர வேண்டும்.

உங்கள் ஏட்டில் நாற்பது பாட்டுக்கு மேல் பாடியவரைத் 'தகவலாளி 7' என்று மட்டும் குறித்திருக்கிறீர்கள். எழுபத்தாறு வயது, பதினொரு வயதில் நடவுக்குப் போகத் தொடங்கியவர், ஒரே மூச்சில் இருபது கண்ணி பாடுவார் என்று எனக்கு எழுதிய கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. ஆய்வேட்டில் ஓர் எண். இரண்டாம் இயலில் அச்சான நூலுக்கெல்லாம் பெயர் சொல்கிறோம், நான்காம் இயல் முழுவதையும் தாங்கி நிற்பவருக்குப் பெயர் இல்லை.

சிலருக்குப் பெயர் போடுவது தீங்காகலாம் என்பதும் உண்மை. ஒப்பாரியில் மாமியாரையும் கொழுந்தனையும் பெயர் சொல்லித் திட்டும் இடங்கள் உங்கள் பதிவில் இருக்கின்றன. சொத்துத் தகராறு வருகிறது. அங்கே பாடியவர் பெயர், ஊர், பாட்டுக்குள் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் மறைப்பதுதான் முறை. மறைத்திருக்கிறோம் என்பதையும் ஏன் என்பதையும் முன்னுரையில் சொல்லுங்கள். ஆனால் நடவுப் பாட்டில் அந்தச் சிக்கல் இல்லை. எல்லாருக்கும் எண் போட்டதை மாற்றி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கேளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போய்வாருங்கள், அம்மா. நான்காம் இயலை அச்செடுத்துக்கொண்டு போய், அவர் பாடியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். தப்பாக எழுதியிருந்தால் திருத்துவார். பெயரை எப்படிப் போட வேண்டும், புருஷன் பெயரோடா அப்பா பெயரோடா, எந்த ஊர்க்காரி என்று எழுத வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும்.